‘நான்’ என்பதற்கு எத்தனை சொற்கள்: குர்து மொழியின் கிளைகளும் ஜோங்காவின் கிளைகளும்

புதிய மொழி ஒன்றின் நடுவே வாழ நேரும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வது ‘நான்’ என்பதற்கு அவர்களிடம் உள்ள சொல்லைத்தான். நில அளவைப் பணி என்னைப் பூட்டானின் வாங்டு போத்ராங் பகுதிக்கு ஒரு நீர்மின் திட்டத்துக்காகவும், சில ஆண்டுகள் கழித்து ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் உள்ள எர்பில் நகரத்துக்குக் கட்டுமான வேலைக்காகவும் கொண்டு சென்றது. இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு குறிப்பேடு வைத்திருந்தேன். அண்மையில் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, ஒவ்வொன்றின் முதல் பக்கமும் ஒரு புதிரை என் முன் வைத்தது. ஒரே மொழி என்று எல்லோரும் சொல்கிற குர்து மொழியின் பக்கத்தில் ‘நான்’ என்பதற்கு இரண்டு வேறு சொற்கள் இருந்தன. வேறு வேறு மொழிகள் என்று எனக்குச் சொல்லப்பட்ட பூட்டானின் இரு பேச்சுகளிலோ ‘நான்’ என்பது ஒரே சொல்லாக இருந்தது. அந்தப் புதிரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே உறவு எதுவும் இல்லை. குர்து மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையைச் சேர்ந்தது; பாரசீகத்துக்கும் பலூச்சிக்கும் உறவு. ஜோங்கா திபெத்திய மொழிகளோடு சேர்ந்தது. சிக்கிமில் பூட்டியா மக்கள் பேசும் மொழி அதற்கு மிக நெருங்கிய உறவு. ஆகவே சொல்லுக்குச் சொல் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு மொழிக்குள் கிளைகள் எந்த இடத்தில் பிரிகின்றன, அந்தப் பிரிவுக்கு அங்குள்ளவர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதை ஒப்பிடலாம்.

குர்து மொழியிலிருந்து தொடங்குகிறேன். அதன் வடக்குக் கிளை குர்மாஞ்சி. துருக்கியின் தென்கிழக்கு, சிரியாவின் வடக்கு, ஈராக்கில் துஹோக் பகுதி, ஈரானின் உருமியா பகுதி, அங்கிருந்து வெகுதொலைவில் கிழக்கே குராசான், ஆர்மீனியா, ஜார்ஜியா என்று மிகப் பரந்த நிலத்தில் அது பேசப்படுகிறது. பேசுவோர் எண்ணிக்கையிலும் அதுவே பெரிய கிளை. நடுக் கிளை சொரானி. ஈராக்கில் எர்பில், சுலைமானியா, கிர்குக் ஆகிய நகரங்களும் ஈரானில் மஹாபாத், சனந்தஜ் ஆகிய நகரங்களும் அதன் நிலம். ஈராக்கிற்குள் பெரிய சாப் ஆற்றை இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையாகப் பொதுவாகச் சொல்வார்கள். தெற்கே கெர்மான்ஷா, இலாம் பகுதிகளில் மூன்றாவது கிளை ஒன்று உண்டு. அதை நான் அருகிருந்து கேட்டதில்லை; எனவே அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை.

குர்மாஞ்சியில் ‘நான் போனேன்’ என்பது ‘எஸ் சூம்’. ‘நான் ரொட்டி சாப்பிட்டேன்’ என்பது ‘மின் நான் க்வார்’. (‘நான்’ என்பது அங்கே ரொட்டி, நாம் உணவகங்களில் கேட்டு வாங்கும் அதே நான்.) ஒரே ஆள் தன்னைப் பற்றிப் பேசும்போது ஓரிடத்தில் ‘எஸ்’ என்றும் மற்றோரிடத்தில் ‘மின்’ என்றும் சொல்வது தொடக்கத்தில் எனக்குப் பெரும் குழப்பமாக இருந்தது. இவை வேற்றுமை வடிவங்கள் என்பது பிறகே புரிந்தது. எழுவாயாக நிற்கும்போது ‘எஸ்’. ‘என்னை’, ‘என்’ என்று வேற்றுமை ஏற்கும்போது ‘மின்’. ஆனால் இறந்தகாலத்தில், செயப்படுபொருள் உள்ள வினையாக இருந்தால், செய்பவரே வேற்றுமை வடிவத்துக்கு மாறிவிடுகிறார். வினைமுற்று செயப்படுபொருளோடு இயைகிறது. ‘நான் உன்னைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘மின் தூ தீத்தீ’ என்கிறார்கள். அதன் கடைசியில் உள்ள ‘ஈ’ நமது ‘ஆய்’ போல முன்னிலை விகுதி. ‘என்னால் நீ காணப்பட்டாய்’ என்று சொன்னால் அந்த அமைப்பு நமக்குப் பிடிபடும். ஆனால் அவர்கள் காதில் அது செயப்பாட்டு வினையாக ஒலிப்பதில்லை, மிக இயல்பான செய்வினையாகவே ஒலிக்கிறது.

சாப் ஆற்றைக் கடந்து எர்பிலுக்கு வந்தால் ‘எஸ்’ என்ற சொல் மறைந்துவிடுகிறது. சொரானியில் எழுவாய்க்கும் ‘மின்’, மற்ற இடங்களுக்கும் ‘மின்’. வேற்றுமை வடிவம் எழுவாயின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருந்தது வெறும் சொல் வேறுபாடு அன்று என்பதையும், ஒரு கிளை வேற்றுமை அமைப்பைக் காப்பாற்றிக்கொள்ள மற்றொன்று அதைக் கைவிட்ட வரலாறே அந்தச் சிறு சொல்லுக்குள் இருக்கிறது என்பதையும் அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

வேற்றுமையை இழந்த சொரானி, ‘யார் செய்தார்’ என்பதை வேறொரு வழியில் காட்டுகிறது. ‘நான் ரொட்டி சாப்பிட்டேன்’ என்பது அங்கே ‘நானிம் க்வார்த்’. செய்தவரைக் குறிக்கும் ‘இம்’ என்ற ஒட்டு வினையோடு சேராமல் ரொட்டியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘உன்னைப் பார்த்தேன்’ என்பது ‘தோம் தீத்’. ‘தோ’ என்பது நீ, அதன் மேல் ஏறி நிற்கும் ‘ம்’ என்பது நான். இந்த ஒட்டுகள் வாக்கியத்துக்குள் இடம் மாறி மாறி நிற்பதைப் பழக எனக்கு மாதங்கள் பிடித்தன. குர்மாஞ்சி பேசி வளர்ந்து எர்பிலுக்கு வேலைக்கு வந்தவர்களும் தங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுவே என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பால் பாகுபாட்டிலும் இதே பிரிவுதான். குர்மாஞ்சியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். ‘என் கை’ என்பது ‘தெஸ்தே மின்’. ‘என் வீடு’ என்பது ‘மாலா மின்’. கை ஆண்பால் என்பதால் ‘ஏ’ வருகிறது, வீடு பெண்பால் என்பதால் ‘ஆ’ வருகிறது. சொரானியில் ‘தெஸ்தீ மின்’, ‘மாலீ மின்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஈ’. மாறாகச் சொரானியில் ‘அந்தக் குறிப்பிட்ட வீடு’ என்பதைக் காட்ட ‘மாலெகெ’ என்று ஒரு விகுதி உண்டு. குர்மாஞ்சியில் அதற்கு இணையான விகுதி கிடையாது. எழுவாய், வேற்றுமை, பால், வினை இயைபு ஆகியவை ஒரு மொழியின் முதுகெலும்பு என்று இலக்கணம் படித்த எவரும் ஒப்புக்கொள்வர். குர்து மொழியின் இரு பெரும் கிளைகளும் அந்த முதுகெலும்பில்தான் பிரிந்து நிற்கின்றன.

இந்தப் பிரிவு எப்படி ஏற்பட்டது என்பதற்கு டி. என். மெக்கென்சி என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் தந்தார். இப்போது சொரானி பேசப்படும் நிலத்தில் முன்பு கோரானி என்ற வேறொரு ஈரானிய மொழி பரவியிருந்தது. அதைப் பேசியவர்கள் குர்து மொழிக்கு மாறியபோது, அந்த மாற்றத்தின் நடுவே பாலும் வேற்றுமையும் தேய்ந்தன என்பது அவர் கருத்து. இதை எல்லோரும் ஏற்பதில்லை. எனக்கு இந்த விளக்கத்தைவிட அதன் ஓரத்தில் நிற்கும் ஓர் உண்மை முக்கியமாகப் படுகிறது. மஹாபாத் பகுதியின் முக்ரி வழக்கு சொரானியைச் சேர்ந்தது. ஆனால் அதில் பால், வேற்றுமை ஆகியவற்றின் எச்சங்கள் இன்னும் இருக்கின்றன. சாப் ஆற்றங்கரையில் சுவர் எதுவும் இல்லை. கிளைகளுக்கு இடையே படிப்படியாக இறங்கிச் செல்லும் சரிவுதான் இருக்கிறது. இலக்கண நூல்கள் இரு நுனிகளையும் எடுத்துக் காட்டுவதால் நடுவில் இருப்பவை கண்ணில் படாமல் போகின்றன.

துருக்கியின் தெர்சிம், பிங்கோல் பகுதிகளில் பேசப்படும் சாசாவும், ஈரான்-ஈராக் எல்லை மலைகளில் உள்ள ஹவ்ராமியும் இன்னும் ஒரு படி விலகி நிற்கின்றன. மொழியியலார் பலர் இவற்றைக் குர்து மொழியின் கிளைகளாகக் கொள்வதில்லை. பேசுபவர்களில் பலரோ தம்மைக் குர்துக்களாகவும் தம் பேச்சைக் குர்து மொழியாகவும் கருதுகின்றனர். ஹலப்ஜாவுக்கு அப்பால் உள்ள ஓர் ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தம் பேச்சு வேறு, தாம் குர்து என்பது வேறு என்றும், இரண்டும் உண்மையே என்றும் அவர் அமைதியாகச் சொன்னார். மொழி நூலாரின் வகைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முதியவரின் விடையை மறுக்கும் உரிமை அந்த வகைப்பாட்டுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிப் பூட்டான். ‘ஜோங்’ என்பது கோட்டை. ‘கா’ என்பது வாய், அதிலிருந்து பேச்சு. பதினேழாம் நூற்றாண்டில் ஷப்துருங் ஙவாங் நம்கியால் பள்ளத்தாக்குகளை ஒன்றிணைத்து எழுப்பிய கோட்டை மடங்களில் பேசப்பட்டதால் அது கோட்டையின் பேச்சாயிற்று. எழுதுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது சோகே எனப்படும் செவ்வியல் திபெத்தியம். ஜோங்கா 1971இல் நாட்டின் தேசிய மொழியாக அறிவிக்கப்பட்டது. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நாட்டின் மேற்குப் பகுதியில் மட்டுமே இருக்கின்றனர். திம்பு, புனாக்கா, பாரோ, ஹா, வாங்டு போத்ராங், காசா முதலியவை அவர்களின் மாவட்டங்கள். 1990களில் டச்சு மொழியியலார் ஜார்ஜ் வான் டிரீம் தந்த மதிப்பீடு ஏறத்தாழ 1,60,000 பேர். குர்து மொழி பேசுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜோங்காவில் ‘நான்’ என்பது ‘ங’. நம் நெடுங்கணக்கில் ‘ஙனம்’ போன்ற ஓரிரு சொற்களுக்கு அப்பால் வேலையின்றி நிற்கும் அந்த எழுத்து, அங்கே ஒரு மனிதன் தன்னைக் குறிக்கும் சொல்லாக நாள் முழுதும் ஒலித்தது. மலைகள் பள்ளத்தாக்குகளைப் பிரிக்கின்றன. திம்புவுக்கும் புனாக்காவுக்கும் நடுவே தோச்சுலா கணவாய். பாரோவுக்கும் ஹாவுக்கும் நடுவே நான்காயிரம் மீட்டரை நெருங்கும் செலேலா. எனவே ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு வழக்கு உண்டு. என்னோடு பணியாற்றிய திம்புக்காரர் ஒருவர், இரண்டு வாக்கியம் கேட்டதும் பேசுபவர் பாரோவா ஹாவா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த வேறுபாடு ஒலியிலும், சில சொற்களிலும், வாக்கிய முடிவுகளிலும் அமைந்தது. பேச்சு தடைபடுவதில்லை. வாங் எனப்படும் திம்புப் பக்கத்து வழக்கும் புனாக்காப் பக்கத்து வழக்கும் சேர்ந்து பொது வழக்காயின. மடத்தின் துறவியர் குளிர்காலத்தில் புனாக்காவிலும் கோடையில் திம்புவிலும் தங்கும் மரபை நினைத்தால், அந்த இரண்டு இடங்களின் பேச்சு ஒன்றாகக் கலந்ததில் வியப்பில்லை.

வடக்கே லாயா, லுனானா ஆகிய உயரமான இடங்களில் யாக் மேய்ப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் நிலைமை கொஞ்சம் மாறும். அவற்றை ஜோங்காவின் விலகிய வழக்குகள் என்று வான் டிரீம் எழுதுகிறார். பன்னாட்டு மொழிக் குறியீட்டுப் பட்டியலோ லாயாகாவுக்கும் லுனானாகாவுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்து, தனி மொழிகளாக வைத்திருக்கிறது.

என்னைப் பெரிதும் ஈர்த்தது கிழக்கே, மோங்கர், லுன்ட்சே மாவட்டங்களில், குரிச்சூ ஆற்றின் பள்ளத்தாக்கில் சுமார் 20,000 பேர் பேசும் ஒரு பேச்சு. அதன் பெயர் சோச்சா-ஙாச்சா-கா. ‘சோ’ என்றால் நீ, ‘ங’ என்றால் நான். ‘நீ’ என்றும் ‘நான்’ என்றும் சொல்கிற விதத்தை வைத்தே ஒரு மொழிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட அழகான மொழிப்பெயரை நான் கேட்டதில்லை. ஜோங்கா பேசும் மேற்கிலிருந்து நாட்டின் நடுப்பகுதி முழுவதும் குறுக்கே கிடக்க, பும்தாங்கா, கெங்கா போன்ற வேறு மொழிகளுக்கு அப்பால் அது தனித்து இருக்கிறது. ஜோங்காவிலும் நீ என்பது ஏறக்குறைய அதே ‘சோ’. நான் என்பது அதே ‘ங’. அக்கம்பக்கத்தில் பேசப்படும் சாங்லாவில் ‘நான்’ என்பது ‘ஜங்’. ‘நீ’ என்பது ‘நன்’. (சாங்லா பேசும் தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்து ‘நன்’ என்றபோது, அவர் தன்னைச் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினேன்.) இப்படி அயல் மொழிகளுக்கு நடுவே தன் ‘நீ’யையும் ‘நானை’யும் காத்துவந்த அந்தப் பேச்சு ஜோங்காவின் உடன்பிறப்பு என்பதில் ஐயமில்லை, இருந்தும் அதை யாரும் ஜோங்கா என்று அழைப்பதில்லை.

திபெத்தியக் குடும்பத்தின் இலக்கண முதுகெலும்பு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஜோங்காவில் ‘இருக்கிறது’ என்பதற்கு ‘யோ’, ‘தூ’ என இரண்டு சொற்கள். எனக்கு முன்பே நன்கு தெரிந்து மனத்தில் படிந்துவிட்டதைச் சொல்ல ‘யோ’. இப்போதுதான் கண்டறிந்ததைச் சொல்ல ‘தூ’. என் வீட்டுக் குழாயில் தண்ணீர் உண்டு என்பதற்கு ‘யோ’. மலைச்சரிவில் குழி தோண்டும்போது தண்ணீர் இருப்பதைக் கண்டு சொல்வதற்கு ‘தூ’. லாசாவின் திபெத்தியத்திலும் இதே சொற்களின் இணை இதே போன்றதொரு வேலையைச் செய்கிறது. ஜோங்காவும் லாசா திபெத்தியமும் இரு வேறு மொழிகள் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. குர்மாஞ்சியும் சொரானியும் ஒரே மொழி என்பதில் பெரும்பாலான குர்துக்களுக்கு மறுப்பில்லை. ‘கிளை’, ‘மொழி’ என்ற சொற்களை நாம் எவ்வளவு வேறுபட்ட அளவுகோல்களால் அளக்கிறோம் என்பதை இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஜோங்காவின் கிளைகள் பிரிவது பெரும்பாலும் ஒலியில் என்பதால், என் குறிப்பேடு அங்கே எனக்கு உதவவில்லை. நமது ஒரே ‘ப’ நிற்கும் இடத்தில் ஜோங்காவில் நான்கு ஒலிகள் உண்டு. அவற்றோடு உயர்ந்த தொனி, தாழ்ந்த தொனி என்ற வேறுபாடும் சேர்கிறது. தமிழ் எழுத்தில் நான் எழுதி வைத்த பக்கங்களைப் பின்னர் படித்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சொற்கள் பல ஒரே எழுத்துக்கூட்டலில் கிடந்தன. பள்ளத்தாக்குகளுக்கு இடையிலான நுட்பமான வேறுபாடுகள் அத்தனையும் அதில் கரைந்து போய்விட்டன. அதற்காக இன்றும் வருந்துகிறேன். குர்துக் குறிப்பேட்டுக்கு அந்தக் குறை அவ்வளவாக நேரவில்லை. அங்கே வேறுபாடு விகுதியிலும் சொல்லின் இடத்திலும் இருந்ததால் தமிழ் எழுத்து அதைத் தாங்கிக்கொண்டது.

எழுத்தின் கதை இரண்டிலும் நேர் எதிரானது. ஜோங்காவுக்கு ஒரே எழுத்து மரபு. அதுவும் பழமையான திபெத்திய எழுத்துக்கூட்டல். ‘எட்டு’ என்ற சொல்லை ‘ப்ர்க்யத்’ என்று படிக்கத்தக்க எழுத்துகளால் எழுதி, ‘கே’ என்று சொல்கிறார்கள். பழைய எழுத்துக்கூட்டல் எந்தப் பள்ளத்தாக்கின் இன்றைய ஒலிப்பையும் அப்படியே காட்டுவதில்லை என்பதால், பாரோவுக்கும் ஹாவுக்கும் திம்புவுக்கும் அது ஒருவகையில் பொதுவானதாகிவிடுகிறது. ஆனால் கற்பது கடினம். பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், ஜோங்காவை நன்றாகப் பேசும் இளைஞர்களும் அதில் ஒரு கடிதம் எழுதத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

குர்து மொழிக்கு வாய்த்தது எதிர்நிலை. ஆட்சி எல்லைகள் அதன் கிளைகளை எழுத்தாலும் பிரித்தன. குர்மாஞ்சியில் அஹ்மதே கானி 1692இல் எழுதிய நெடுங்காவியம் அரபு எழுத்தில் அமைந்தது. 1932இல் ஜலாதத் அலி பதிர்கான் டமாஸ்கஸில் ‘ஹாவார்’ இதழைத் தொடங்கி, குர்மாஞ்சிக்கு 31 எழுத்துகள் கொண்ட இலத்தீன் நெடுங்கணக்கைப் பரப்பினார். சோவியத் ஆர்மீனியாவில் அதே குர்மாஞ்சி சிரில்லிக் எழுத்தில் அச்சாயிற்று. சொரானி, பாபான் சிற்றரசர்கள் 1784இல் நிறுவிய சுலைமானியாவில் கவிதை மொழியாக வளர்ந்து, 1931ஆம் ஆண்டின் ஈராக்கிய வட்டார மொழிச் சட்டத்தால் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இடம்பெற்று, திருத்திய அரபு எழுத்தில் நிலைத்தது. துருக்கியில் 1983 முதல் 1991 வரை குர்து மொழியில் வெளியிடுவதையே ஒரு சட்டம் தடுத்தது. துருக்கிய நெடுங்கணக்கில் இல்லாத க்யூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளைப் பயன்படுத்தியதற்காகவே வழக்குகள் நடந்தன. அந்த எழுத்துகள் மீதான தடை 2013இல்தான் நீங்கியது. எழுதவே தடுக்கப்பட்ட ஒரு கிளையும் பள்ளிக்குள் நுழைந்த ஒரு கிளையும் ஒரே வேகத்தில் வளர்ந்திருக்க முடியாது. இன்று ஒரு கிளையின் செய்தித்தாளை மற்றக் கிளையினர் படிக்கத் திணறுகிறார்கள் என்றால், அதற்கான காரணத்தில் இலக்கணத்துக்கு ஒரு பங்கு இருப்பது போலவே இந்த அநீதிக்கும் ஒரு பங்கு உண்டு.

முன்பு சொன்ன அதே குறியீட்டுப் பட்டியல் குர்து மொழியை ஒரு ‘பெருமொழி’யாக வகைப்படுத்தி, அதனுள் வடக்கு, நடு, தெற்கு என மூன்று மொழிகளை வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. சொரானியை மட்டும் குர்திஸ்தான் பகுதியின் அதிகார மொழியாக்க வேண்டும் என்று 2008இல் எழுத்தாளர்கள் பலர் கோரியபோது, குர்மாஞ்சி பேசுவோரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே கிளையைப் பொதுவாக்கும் வழி ஜோங்காவுக்குப் பொருந்தியது. அங்கே கிளைகள் நெருங்கியவை, கோட்டை என்ற நடுவமும் இருந்தது. குர்து மொழிக்கு அந்த வழி பொருந்தும் என்று நான் கருதவில்லை. பாலையும் வேற்றுமையையும் பிறப்பிலிருந்து பேசிவரும் ஒரு குழந்தையிடம் அவை பிழை என்று பள்ளியில் சொல்ல நேரும்.

எர்பிலில் எங்கள் பணியிடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரியாவின் காமிஷ்லியிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த மின்பணியாளர். மற்றவர் சுலைமானியாவைச் சேர்ந்த மேற்பார்வையாளர். ஒருநாள் மதிய உணவு முடிந்ததும் ‘நான் ரொட்டி சாப்பிட்டேன்’ என்பதை அவரவர் வழக்கில் எழுதித் தருமாறு கேட்டு, குறிப்பேட்டை நடுவில் வைத்தேன். மின்பணியாளர் தம் தந்தையிடம் வீட்டிலேயே கற்ற இலத்தீன் எழுத்தில் இடது ஓரத்திலிருந்து ‘மின் நான் க்வார்’ என்று எழுதத் தொடங்கினார். மேற்பார்வையாளர் அதே வரியில் வலது ஓரத்திலிருந்து அரபு எழுத்தில் ‘நானிம் க்வார்த்’ என்று எழுதி வந்தார். ரொட்டி இரு பக்கமும் தள்ளி நிற்க, பக்கத்தின் நடுவே ஒரு விரல் இடைவெளியில் இரண்டு வினைச்சொற்களும் எதிரெதிரே வந்து நின்றன.